பானெட்டில் வந்த இமயமலை

யாராவது ‘மதராசி’ என்று கூப்பிட்டுவிட்டால் எங்கள் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ரெக்கவரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நடுரோட்டில் நின்றுபோன கார்களையும் மோதி நசுங்கிய கார்களையும் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு கராஜில் இறக்குவது அவருடைய வேலை. அங்கே ஹிந்தி பேசுகிறவர்களுக்கெல்லாம் அவர் மதராசிதான். “அறந்தாங்கி எங்க கெடக்கு, மதராஸ் எங்க கெடக்கு? இவனுங்களுக்குத் தெக்கே எல்லாம் ஒரே ஊரு” என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொருமுவார். தன்னை வேறு ஊரில் சேர்ப்பவர்களை அவர் ஒருநாளும் மன்னித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான் எனக்கு உத்தராகண்டைத் தேடிக் கொண்டுவந்தார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் இந்திய மாநிலங்களின் கண்காட்சி என்று அறிவித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பக்கத்து வகுப்புக்கு ராஜஸ்தான் போனது. அவர்களுக்கென்ன, அபுதாபியில் ஒட்டகத்துக்கா பஞ்சம்? எனக்கும் என்னோடு சேர்ந்த மூன்று பேருக்கும் வந்த சீட்டில் உத்தராகண்ட் என்று எழுதியிருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயதே மூத்த மாநிலம். வரைபடத்தில் பார்த்தால் மேலே திபெத், பக்கத்தில் நேபாளம், நடுவில் கைக்குட்டையைக் கசக்கிப் போட்டதுபோல ஒரு துண்டு.

ஹிந்தி மேடம் ஒரு நிபந்தனை போட்டார். இணையத்திலிருந்து பிரின்ட் எடுத்து ஒட்டுவதை யாரும் செய்யலாம். அந்த மாநிலத்துக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரிடம் கேட்டு எழுத வேண்டும். உதவியவரின் பெயரை அரங்கின் முன்னால் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண். முதல் பரிசு வாங்கும் அரங்கு பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறும். நான் அதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஏறியே தீர வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது.

என் கவலையைக் கேட்டு அப்பா சிரித்தார். “ஹிந்திக்காரனுக்கா பஞ்சம்? கராஜ் பூரா அவனுங்கதான். ஒரு மலைக்காரன் இல்லாமலா போயிருவான்?” மறுநாளே ஆளைப் பிடித்துவிட்டார். கராஜில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். உத்தராகண்ட் தெரியுமா என்று அப்பா கேட்டதற்கு அவர் ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, “தெரியாமலா பாய்? தினமும் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்” என்றாராம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா அன்று வீட்டுக்குக் கால் கிலோ அல்வா வாங்கிவந்தார்.

அந்த நாளில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சாத்திய கராஜுக்குள் அப்பா என்னை அழைத்துப்போனார். பெயின்டர் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். நகக்கண்களில் நான்கைந்து நிறம் ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் அவர் ‘பெயின்டர் பாய்’, பெயின்டர் அண்ணன். நான் நோட்டைத் திறந்து முதலில் பெயரைக் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ‘தன் சிங்’ என்றார். நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்ப்பதுபோல மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

என்னிடம் பட்டியல் தயாராக இருந்தது. மாநில விலங்கு கஸ்தூரி மான், மரம் புராஞ்ச், பூ பிரம்ம கமலம், பறவை மோனால். ஒவ்வொன்றாகக் கேட்டேன். கஸ்தூரி மானை அவர் கண்ணால் பார்த்ததில்லை, பனியில் குளம்புத் தடம் மட்டும் பார்த்திருக்கிறார். அது மனிதனைக் கண்டால் பாறை மறைவில் கரைந்துவிடுமாம். புராஞ்ச் பூக்கும்போது மலைச்சரிவு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி சிவக்குமாம். பள்ளிக்கூடம் போகிற வழியில் பூவைப் பறித்து அடியில் உறிஞ்சினால் தேன் வருமாம். மோனால் படத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்து வேறொரு பெயர் சொன்னார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. “நம்மூருல வெண்டைக்காயிக்கே ரெண்டு பேரு இருக்கு, எழுதிக்க பாப்பா” என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெண்டைக்காய்க்கு அந்த இரண்டாவது பெயர் என்ன என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பனியைப் பற்றிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த பனி, ஃபிரீசரில் மீன் பொட்டலத்தைச் சுற்றிக் கெட்டிப்படுகிறதே, அதுதான். பனி விழும் என்றால் அது தலையில் விழுந்து மண்டை உடையாதா என்பது என் கேள்வி. அவர் சிரிக்கவில்லை. காரின் நெளிவை அடைக்கப் புட்டி என்கிற பசையைப் பூசிக் காயவிட்டுத் தேய்த்த வெள்ளைத் தூள் தரையெல்லாம் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ஒரு வண்டியின் மீது ஏறி நின்று, விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். தூள் மெல்ல மெல்ல என்மீது இறங்கியது. தலையில், தோளில், இமைமுடியில். இதேதான், ஆனால் சத்தமே இருக்காது, நாள் முழுக்க விழும், கூரை, மாடு, வைக்கோல் எதுவும் மிச்சமிருக்காது என்றார். வெளியே கொளுத்துகிற வெயிலில் ஏசியில்லாத அந்தக் கொட்டகைக்குள் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு உண்மையான பனியையும் பார்த்துவிட்டேன். அந்த அளவுக்கு அது என்னை ஆட்டவில்லை.

அவர் சொன்ன சாப்பாட்டுப் பட்டியலை அம்மாவிடம் சேர்த்தேன். கறுப்பாக ஒரு மாவில் ரொட்டி, குதிரைக்குக்கூடப் போடுகிற ஒரு பயறில் குழம்பு. படங்களைப் பார்த்த அம்மா மூக்கில் விரலை வைத்தாள். “அடியே, இது நம்ம கேப்பைடி! அது கொள்ளு! இமயமலைல போயும் இதத்தான் திங்கிறாங்களா?” அவள் அதுவரை இமயமலை மீது வைத்திருந்த மரியாதையில் பாதி அன்றே போய்விட்டது. ஆனாலும் கடைக்குப் போய்க் கேப்பை மாவு வாங்கிவந்து, ரொட்டியாகத் தட்டி, நெய் தடவிப் பெயின்டருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்.

மோனாலை வரைய நான் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாக்களும் கொண்டுபோயிருந்தேன். அவர் பேனாக்களை ஒவ்வொன்றாக மூடி திறந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அந்தப் பறவை இதில் அடங்காது என்றார். வருடத்தில் ஒருமுறை ஊரார் எல்லோரும் மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே ஏறி, புல்வெளியில் முழங்காலிட்டு மூலிகை பொறுக்குவார்களாம். அப்படி ஒரு காலை அவர் குனிந்திருந்தபோது பத்தடி தூரத்தில் அது நடந்து வந்ததாம். பச்சை என்று நினைத்தால் திரும்பி நீலமானது, நீலம் என்பதற்குள் செம்பானது. கையிலிருந்த மூலிகையைக் கீழே போட்டுவிட்டாராம். அந்த நிறம் நிற்கிற நிறமில்லை, நடக்கிற நிறம் என்றார். சொல்லிவிட்டுக் கராஜின் பின்பக்கம் போய், குப்பையில் கிடந்த ஒரு பெரிய ஜீப்பின் பானெட்டை, எஞ்சினை மூடும் தகட்டை, இழுத்துக்கொண்டு வந்தார்.

மூன்று வெள்ளிக்கிழமைகள். முதல் வாரம் நெளிவெடுத்துப் புட்டி போட்டுத் தேய்த்தார். இரண்டாவது வாரம் மலை வந்தது. பானெட்டின் உச்சியில் ஐந்து சிகரங்கள். பாண்டவர்கள் கடைசியாகச் சமைத்துச் சாப்பிட்ட ஐந்து அடுப்புகள் அவை என்றார். அவற்றுக்குக் கீழே காடு, காட்டுக்குக் கீழே படிப்படியாக வயல், ஒட்டிக்கொண்ட மாதிரி வீடுகள், எல்லாவற்றுக்கும் அடியில், பானெட்டின் விளிம்பை ஒட்டி, பச்சையும் வெள்ளையுமாக ஓர் ஆறு. மூன்றாவது வாரம் பறவை. பணக்காரர்களின் கார்களுக்கு அடிப்பதற்கென்று முத்து மினுங்கும் பெயின்ட் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் ஒரு நிறம், நகர்ந்தால் வேறு நிறம். டப்பாக்களின் அடியில் மிஞ்சியதையெல்லாம் அவர் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. நரம்பு நரம்பாக இறகுகளை அடித்து, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிட்டார்.

காய்ந்ததும் பானெட்டை வெயிலில் நிறுத்தி, என்னை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்கச் சொன்னார். நடந்தேன். பறவை தலையைத் திருப்பியது. சத்தியமாகத் திருப்பியது. கழுத்தில் பச்சை ஓடி நீலத்தில் விழுந்து, முதுகில் தாமிரமாக எழுந்தது. இன்னொரு முறை நடந்தேன். பத்து முறை நடந்திருப்பேன். கராஜின் முதலாளியான அரபி, ஏதோ எடுக்க வந்தவர், தன் பானெட்டையும் தன் பெயின்டையும் கண்டு முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவரும் இரண்டு அடி நடந்தார். “மாஷா அல்லாஹ்” என்றார். அவரும் திரும்ப நடந்தார்.

கண்காட்சி வியாழக்கிழமை. மற்றவர்கள் தெர்மாகோல் தாஜ்மகாலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸில் வந்தார்கள். எங்கள் இமயமலை ரெக்கவரி வண்டியில், சங்கிலி போட்டுக் கட்டி, மஞ்சள் விளக்குச் சுழல வந்தது. யாருடைய கார் மோதிவிட்டது என்று வாட்ச்மேன் பதறி ஓடிவந்தார். அப்பா அதை இறக்கி அரங்கில் சாய்த்து நிறுத்திவிட்டு டூட்டிக்குப் போனார். மற்ற அரங்குகள் காலியாகக் கிடக்க, சின்ன வகுப்புப் பிள்ளைகள் எங்கள் முன்னால் வரிசையில் நின்று குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். நான் ஆகாயத்தில் இருந்தேன்.

தன் சிங் அரைநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நகத்தைக்கூடச் சுரண்டித் தேய்த்திருந்தார். பானெட்டுக்குக் கீழே நான் ஹிந்தி எழுத்தில் பெரிதாக எழுதியிருந்த பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். உதவியவர், திரு. தன் சிங், உத்தராகண்ட். கடைசிச் சொல்லில் கொஞ்சம் தயங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தன் பெயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்ட ஒவ்வொருவருக்கும் பறவையைப் பற்றிச் சொன்னார்.

நடுவராக வந்த அம்மாள் யாரோ ஒரு மாணவனின் தாயார், டாக்டர். அவர் பிறந்ததே உத்தராகண்டில்தான் என்று மேடம் சொன்னதும் எனக்குப் பரிசு கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. ஐந்து சிகரங்களைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வரைந்தவர் இவர்தான் என்று நான் தன் சிங்கை முன்னால் தள்ளினேன். எந்த ஊர் என்று அந்த அம்மாள் ஆசையாகக் கேட்டார். தார்ச்சுலா என்றார் அவர். தார்ச்சுலாவா, என் அத்தையின் ஊர் அல்லவா, கடைத்தெருவில் எந்தப் பக்கம் என்று அந்த அம்மாள் அடுக்கினார்.

“அந்தக் கரை, மேடம். ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்றார் தன் சிங், சர்வசாதாரணமாக. “நான் நேபாளம்.”

ஒரே ஆறு, இரண்டு கரையிலும் ஒரே பெயரில் ஊர், நடுவில் ஒரு தொங்குபாலம். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் நேபாளம். அந்த அம்மாள் எங்களுக்கு விளக்கினார். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாலத்துக்குக் குறுக்கேதானாம். அவருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. சொந்தக்காரரைக் கண்டதுபோலச் சிரித்தார். “பலகையை மட்டும் சரிபண்ணிவிடு, மகளே. பிரின்சிபாலோடு திரும்ப வருகிறேன்” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த அரங்குக்குப் போனார்.

என்னோடு இருந்த மூவரும் என்னைப் பார்த்தார்கள். வேறு நாட்டுக்காரரை வைத்து மாநிலம் செய்திருக்கிறோம். மேடை போய்விட்டது. அப்பாவின் மீது வரவேண்டிய கோபம், என் மீது வரவேண்டிய கோபம் எல்லாம் சேர்ந்து அவர் மீது வந்தது. “ஏன் பொய் சொன்னாய்?” என்று ஹிந்தியில் கேட்டேன். ஹிந்தி வகுப்பில் நான் கற்ற மரியாதைச் சொற்கள் எதுவும் அப்போது வரவில்லை.

நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பசை தடவி, பலகையில் அவர் பெயர் இருந்த வரியின்மேல் ஒட்டினேன். சரிசெய்வது என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவசரத்தில் தாள் கோணலாக ஒட்டி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. ‘தன்’ பாதி தெரிந்தது. தன் சிங் அதைப் பார்த்தார். பேன்ட் பையில் கைவிட்டு ஒரு மாஸ்கிங் டேப் சுருளை எடுத்தார். பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டுவார்களே, அது. அவருடைய பையில் எப்போதும் இருக்கும். என் தாளை உரித்துவிட்டு, டேப்பை இழுத்து, தன் பெயரின்மேல் நூல் பிடித்தாற்போல நேராக ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்திவிட்டார். ஓர் எழுத்து வெளியே தெரியவில்லை. “அச்சா, சரிதானே?” என்று என்னைக் கேட்டார். தப்பை ஒப்புக்கொண்டார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

பிரின்சிபால் வந்தார். இரண்டு தடவை நடந்து பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். என் அப்பாவின் வொர்க்‌ஷாப்பில் செய்தது சார் என்றேன். தன் சிங் அப்போது கூட்டத்துக்குப் பின்னால், தூணருகே நின்றிருந்தார். டாக்டர் அம்மாள் டேப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். முதல் பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது.

சாயங்காலம் அப்பா வண்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். “நேபாளமா? ஹிந்தில்ல பேசுறாரு?” என்றார். அவரும் தன் சிங்குமாகப் பானெட்டைத் தூக்கப் போனார்கள். கோப்பை என் கையில் இருந்தது. ஆனாலும் எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பொய்க்காரர்தான் என்று நிரூபித்துவிட்டால் அது போய்விடும் என்று பட்டது. அவரை நிறுத்தி, படத்தில் இருந்த வீடுகளைக் காட்டி, இதில் உங்கள் வீடு எது, காட்டுங்கள் என்று கேட்டேன்.

அவர் பானெட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் வந்தார். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, சரியாக இருக்கிறதா என்று கண்ணால் அளந்துவிட்டு, எங்கள் இருவர் காலடியில் இருந்த தரையைக் காட்டினார்.

“இங்கே” என்றார்.

பள்ளிக்கூடத்து டைல்ஸ் தரையைக் காட்டி வீடு என்கிறாரே, இன்னொரு பொய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த வருடம் அவர் லீவில் ஊருக்குப் போனவர், அங்கிருந்தே கத்தாருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நோட்டில் நான்கு பக்கம் அவர் சொன்னதை எழுதியிருந்தேன். ஒன்றிலும் பொய் இல்லை. நீங்கள் எந்த ஊர் என்கிற கேள்விதான் நான்கு பக்கத்திலும் இல்லை. அவருடைய வீடு ஆற்றின் நேபாளக் கரையில், படத்துக்கு வெளியே, பார்க்கிறவர் நிற்கிற பக்கத்தில் இருந்தது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிரே தெரிவதைத்தான் அவர் சிகரம் சிகரமாக, வயல் வயலாக அடித்து வைத்திருந்தார். அன்று பள்ளிக்கூடமே வரிசையில் நின்று பார்த்தது அவருடைய வாசலிலிருந்துதான். நான் அந்த வாசலில் நின்றுகொண்டு, அவர் பெயரை மறைத்துவிட்டு, உங்கள் வீடு எங்கே என்று அவரையே கேட்டிருக்கிறேன்.